ராம் என்னும் ஒரு பெயர்

வேதாகமம் வாசிக்குங்கால் வமிச அட்டவணைகளை விரைந்து கடந்துசெல்வது நம்மிற் பலர்க்கு வழக்கம். இன்னான் இன்னானைப் பெற்றான் எனத் தொடரும் அடுக்கினால் யாது பயன் என வினவுவாரும் உளர். அவ்வடுக்கினுள் நிற்கும் ஒரு பெயரைப்பற்றிச் சில கூற விழைகின்றோம்.

யூதா கோத்திரத்து எஸ்ரோனின் மகனும், அம்மினதாபின் தந்தையுமாகிய ராம் என்பானே அவன். மத்தேயுவின் சுவிசேஷம் அவனை ஆராம் என வழங்கும். ரூத்தின் சரித்திர முடிவிலும் முதலாம் நாளாகமத்திலும் அவன் பெயர் உண்டு. அவன் செய்த செயலோ, பேசிய சொல்லோ ஓரிடத்தும் இல்லை. ஆயினும் அப்பெயரை நீக்கின் தாவீதின் மரபு இடையில் அறுபட்டுவிடும்.

இத்தகையோர் நம் தொண்டைநாட்டு வரலாற்றிலும் உளர். செங்கற்பட்டினின்று திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்வோர், ஆங்கு ஆதிவராகக் குகைக்கோயிலிற் சிம்மவிஷ்ணுவின் பெயர் பொறித்த அரசவுருவத்தைக் கண்டு வியப்பர். அவன் தம்பி பீமவர்மனை நினைவார் எத்துணையர்? கி.பி. 731ஐ ஒட்டி, இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப்பின் சிம்மவிஷ்ணுவின் நேர்வழியினர் ஆட்சி முடிவுற்றது. அப்பொழுது குடிகளால் வரிக்கப்பெற்று அரசெய்தியவன் இரண்டாம் நந்திவர்மன். காரைக்காலை அடுத்த காசாக்குடியில் 1879ஆம் ஆண்டிற் கிடைத்த அவன் செப்பேடுகள், பீமவர்மன், புத்தவர்மன், ஆதித்தவர்மன், கோவிந்தவர்மன், இரணியவர்மன் என ஐவரை நிரல்பட நிறுத்தி அவன் மரபை விளக்குகின்றன. காஞ்சியின் அரியணை ஏறாத அவ்வைவருமே அவனைப் பல்லவர் குடியோடு பிணைத்த கண்ணிகள்.

இவ்வட்டவணைகளே பிறப்புச் செருக்கிற்கு வித்தாயின என்பர் சிலர். அக்கூற்றை முற்றும் மறுத்தற்கில்லை. ஒருவரை முதன்முறை காணும்போதே குலம் வினவும் வழக்கம் கிறிஸ்தவராகிய நம்மிடையும் ஒழிந்திலது. ஆயினும் குறை அட்டவணையினதன்று. அதனை அரைகுறையாகப் படிக்கும் நம்முடையதே. ராமின் வழித்தோன்றல் போவாசுக்கு மனைவியாய், தாவீதின் பாட்டனைப் பெற்றவள் மோவாபியப் பெண்ணாகிய ரூத். அயலாளை அகற்றாத மரபு அது.

இன்னும் ஒன்று. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், ஒரு பாறையின்மீது கேவாத பெருந்தச்சன் முதலாய சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை அக்காலச் சிற்பியர் பெயர்கள் என்று அறிஞர் கருதுவர். அவர்க்கு வமிச வரிசை எழுதுவார் இல்லை. அவர்தம் தொழிலின் சிறப்பையோ கற்களே இன்றும் உரைக்கின்றன. ராமுக்கு மரபு உண்டு, செயல் எழுதப்படவில்லை. பெருந்தச்சனுக்குத் தொழில் உண்டு, மரபு எழுதப்படவில்லை. இருவரையும் ஒருங்கே நினைப்பார்க்குக் குலப்பெருமை பேச நா எழுமோ?

நம்முட் பெரும்பாலார் தாவீதாகப் போவதில்லை, நந்திவர்மனாகவும் போவதில்லை. முன்னோரிடம் பெற்ற விசுவாசத்தையும் கல்வியையும் கெடாது காத்துப் பின்னோர் கையிற் சேர்த்தலே நமக்கு வாய்த்த பணியாகலாம். அது சிறுபணியன்று. இனி ஆலயத்தில் அவ்வதிகாரம் வாசிக்கப்படும்போது, ராம் என்னும் பெயர்வரும் இடத்தில் ஒரு கணமேனும் நின்று செல்வோமாக.