ஓய்வு யார் கையில்?

65 வயதா, 67 வயதா? 2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கனடா நாட்டு மான்ட்ரியல் மாநகரிலே கூடிய பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் பேரவை முன் நின்ற கேள்வி இது. விமானக் கம்பெனிகளின் உலகச் சங்கம், ‘விமானிகள் 67 வரை பறக்கட்டும்’ என்றது. விமானிகளின் உலகக் கூட்டமைப்போ, ‘65 போதும்’ என்றது. கம்பெனிகளின் கோரிக்கை தோற்றது, 65 நிலைத்தது.

வியப்பாக இல்லையா, தோழனே! வேலை வாங்குபவர் ‘இன்னும் ஈராண்டு இரு’ என்கிறார்; வேலை செய்பவர் ‘வேண்டாம்’ என்கிறார்! நாம் பார்த்துப் பழகிய நாடகத்தில் வேடங்கள் வேறாயிற்றே!

காட்டாங்குளத்தூர் ரயில் மேடையிலே மின்சார வண்டிக்குக் காத்து நிற்கும் எனக்கு, விண்ணிலே பறப்போரின் வயது வழக்கு எதற்கு என்று கேட்பாய். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் நீ. ஆயினும் இவ்வழக்கு விண்ணைப் பற்றியதன்று, மண்ணைப் பற்றியது. உன்னைப் பற்றியது!

சற்றே பின்னோக்கிப் பார். அமெரிக்காவிலே விமானிக்கு 60 வயது வரம்பு விதிக்கப்பட்டது 1959இல். நடைமுறைக்கு வந்தது 1960இல். விதித்தவர் விமான நிர்வாகத் தலைவர் கெசாடா. பயணிகளின் பாதுகாப்பு என்பது அவர் சொன்ன காரணம். ஆனால், அதே 1959இல், 60 வயதோடு விமானியை நிறுத்த வழி செய்யுமாறு அவருக்குக் கடிதம் எழுதியவர் யார்? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் தலைவர் சி. ஆர். ஸ்மித்! முதிய விமானிக்குச் சம்பளம் மிகுதி. புதிதாக வந்த ஜெட் விமானத்தில் அவரைப் பழக்குவதும் செலவு. பதவி விட்டபின் கெசாடா அமர்ந்த இடங்களுள் ஒன்று, அதே கம்பெனியின் இயக்குநர் அவை!

அன்று ‘போ’ என்றனர். விமானிகள் சங்கம் எதிர்த்தது. இன்று ‘இரு’ என்கின்றனர், சங்கம் எதிர்க்கிறது. இடைக்காலத்தில் மருத்துவம் வளர்ந்தது, மெய். ஆயுள் நீண்டது, அதுவும் மெய். ஆனால் மாறியது மனித இதயம் மட்டுமா? முதலாளியின் கணக்குப் புத்தகமும் அல்லவா மாறியிருக்கிறது!

சங்கமும் ஒரே இடத்தில் நிற்கவில்லையே என்பாய். உண்மை. 60ஐ எதிர்த்த அமெரிக்க விமானிகள் சங்கம், பின்னர் நெடுங்காலம் 60ஐக் காத்து நின்றது. 2007இல் அதைக் கைவிட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே 65 சட்டமாயிற்று. 2023இல் அந்நாட்டுக் கீழவை 67 என்று நிறைவேற்றியபோது, சங்கம் மீண்டும் எதிர்த்தது. 2024இல் வந்த சட்டம் 65ஐயே வைத்துக்கொண்டது. இது பச்சோந்தித்தனம் அன்று. சங்கத்துக்குள்ளே இரு தலைமுறை உண்டு. என் மேடையிலே அவ்விருவரையும் நிறுத்திக் காட்டுகிறேன், கேள்.

இளையவர்: ஐயா, தாங்கள் எழுந்தால்தான் நான் கேப்டன் நாற்காலியில் அமர முடியும். மூப்புப் பட்டியலிலே என் பெயர் அசையவே இல்லை.

மூத்தவர்: தம்பி, எழுந்திருக்க எனக்கும் ஆசைதான். எழுந்தால் அடுப்பு எரிய வேண்டுமே! ஓய்வூதியம் எங்கே?

கற்பனை உரையாடல்தான், ஆனால் காரணம் கற்பனையன்று. 2005இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் ஊழியர் ஓய்வூதியத் திட்டங்களைக் கைகழுவியது. எழுந்து செல்ல எண்ணியிருந்த மூத்தவர் பலர் நாற்காலியை இறுகப் பற்றினர். பற்றவைத்தது பேராசையா? இல்லை, பறிபோன பாதுகாப்பு! முதியவரும் இளையவரும் முட்டிக்கொள்ள, முடிச்சுப் போட்டவர் மூன்றாமவர்.

நம் நாட்டுக்கு வா. ஏர் இந்தியா 2025 ஆகஸ்டில் விமானிகளின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தியது. பறக்காத ஊழியர்க்கு 60. ஆனால், அரசுடைமையாக இருந்த காலத்தில் அங்கே விமானப் பணிப்பெண்ணுக்கு எல்லை 35! முதற்கருவுற்றால் அதற்கு முன்பே வெளியே! அதே விமானத்தில் பணிபுரிந்த ஆணுக்கு 58. கருவுற்றால் நீக்கும் விதியையும், பணி நீட்டிப்பை நிர்வாக இயக்குநரின் விருப்பத்துக்கு விட்ட அதிகாரத்தையும் உச்ச நீதிமன்றம் 1981இல், நர்கீஸ் மிர்சா வழக்கில், செல்லாதென்றது. வயது வரம்பு இயற்கை எழுதியதன்று, எழுதுகோல் பிடித்தவர் எழுதியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இன்னும் அருகே வா. தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. தேர்வெழுதிக் காத்திருந்த இளைஞனுக்குக் கதவு திறப்பது ஈராண்டு தள்ளிற்று. உன் ஊருக்கு அடுத்த மறைமலை நகரிலே, ஃபோர்டு ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது. உடலில் வலுவும் உள்ளத்தில் ஊக்கமும் இருந்த தொழிலாளர் வீடு திரும்பினர். அவர்களுக்கு ஓய்வு வயது எத்தனை என்று எந்தப் பேரவை கூடி ஆராய்ந்தது?

தமிழிலே ‘ஓய்வு’ என்ற ஒரே சொல், அன்றாட இளைப்பாறலையும் குறிக்கும். பணி நிறைவையும் குறிக்கும். விமானியின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கும் விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில், புதிய பணிநேர விதிகளுக்கு ஆயத்தமாகாத இண்டிகோ, ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்துச் செய்தது. பயணிகள் தவித்தனர், அரசு விதிகளுள் சிலவற்றைத் தளர்த்திற்று. வாரத்தின் ஓய்வையே தள்ளிப் போடும் தொழிலில், வாழ்க்கையின் ஓய்வையும் தள்ளிப் போடுவோம் என்றால், சங்கம் ஐயுறாமல் என்ன செய்யும்?

முதியவரை விரட்டு என்பதன்று நம் வாதம். 60 கடந்த விமானிக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை உண்டு. தேறியவரின் பட்டறிவு பயணிகளுக்குக் காப்பு. ஆகவே வயதை உயர்த்த வருவோரிடம் மூன்று கேள்வி கேள். உயர்வு, ஓய்வூதியத்தை விழுங்கவா, அதனோடு சேர்ந்து நிற்கவா? இளைஞனின் இடத்துக்கு என்ன உறுதி? எண்ணை எழுதும்போது, சங்கம் மேசையில் இருந்ததா, வாசலில் நின்றதா? மூன்றுக்கும் நேரான விடை வந்தால் 67ஐயும் பேசலாம். வராவிட்டால் 60ஐயும் ஏற்கலாகாது.

நம் மொழி ‘ஓய்வு பெற்றார்’ என்கிறது. பெறுவது என்றால் கையிலே ஏதேனும் வந்து சேர வேண்டும், தோழனே! வெறுங்கையோடு வெளியேறுபவர் ஓய்வு பெற்றவர் அல்லர், வேலை இழந்தவர். நாளை உன் ஆலையிலும் அலுவலகத்திலும் இந்த வழக்கு எழும். அன்று முதியவருக்கு எதிராக இளையவரையும், இளையவருக்கு எதிராக முதியவரையும் நிறுத்த முயல்வார்கள். நீ இருவர் கையையும் பற்றிக்கொண்டு மேசைக்குச் செல்!