சனிக்கிழமைக் காலையும் எமது பிள்ளைகளின் ஓட்டமும்

கோடை விடுமுறையில் எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும் விளையாட்டு விழாக்களுக்கு ஒருமுறையேனும் செல்லாத தமிழ்க் குடும்பம் மொன்றியலில் அரிது. தேசிக்காயும் கரண்டியும், சாக்கோட்டம், சங்கீதக் கதிரை, இறுதியில் பெரியவர்களின் கயிறிழுத்தல் என்று புல்வெளி கலகலக்கும். அவற்றின் நடுவே நூறு மீற்றர் ஓட்டம் என்று ஒன்றும் நடைபெறும். கடந்த கோடையில் அப்படியான ஓர் ஓட்டத்தில், கோடுகள்கூட ஒழுங்காகப் போடப்படாத புல்தரையில், பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இரண்டாவதாக வந்தவளை ஆறேழு மீற்றர் பின்னே விட்டு ஓடி முடித்ததை நாம் கண்டோம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தகப்பனார் மகளோடும் வெற்றிக் கிண்ணத்தோடும் படம் எடுத்துக்கொண்டார். புரட்டாதி மாதத்தில் அக்குடும்பத்தைக் கடையொன்றில் சந்தித்தபோது, பிள்ளை பாடசாலை ஓட்ட அணியில் சேர்ந்துவிட்டாளா என்று வினவினோம். "ஓடி என்னத்தைக் காணப் போறாள்? செக்கண்டரி நாலு வந்திட்டுது. இனிப் படிப்பைப் பார்க்கட்டும்" என்பதே பதிலாக இருந்தது.

அந்தத் தகப்பனாரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. உணவகச் சமையலறையில் நள்ளிரவு வரை நின்று உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒருவர் அவர். ஆனால் அதே மனிதர் ஊர்க் கதை தொடங்கினால், தமது கல்லூரி இல்ல மெய்வல்லுநர் போட்டியில் தாம் எந்த இல்லத்துக்காக ஓடினார், அஞ்சல் ஓட்டத்தில் கோலை யார் தவறவிட்டார் என்பவற்றை இன்றும் வருடம் தவறாமற் சொல்லுவார். தமது இளமையின் மிக இனிய நாளென்று அவர் நினைவில் வைத்திருப்பதையே மகளுக்கு வேண்டாம் என்கிறார். இந்த முரண் அவர் ஒருவருக்கே உரியதன்று. எம்மில் பெரும்பாலோருக்கு உரியது.

எமது பிள்ளைகளில் பலர் ஓட்டத்தை விடுவது திறமை இன்மையால் அன்று; பதினான்கு, பதினைந்து வயதில் வீட்டில் அவர்களுக்குச் சனிக்கிழமைக் காலை இல்லாமற் போவதாலேயே என்பதே எமது கருத்து. தமிழ் வகுப்பு, மிருதங்கம், நடனம், ரியூசன் என்று அந்த நாள் விடிவதற்கு முன்னரே பங்கிடப்பட்டு விடுகின்றது. பயிற்சியும் போட்டிகளும் அந்த நாளிலேயே வருகின்றன. நடன அரங்கேற்றத்துக்கு மண்டபமும் பக்கவாத்தியமும் சாப்பாடும் என்று ஆயிரக்கணக்கான டொலர்களைச் செலவிடத் தயங்காத நாம், ஒரு சோடி ஸ்பைக் சப்பாத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறோம். அரங்கேற்றம் வேண்டாம் என்பது எமது வாதமல்ல. எதற்குக் கணக்குப் பார்க்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும் என்பதே.

இன்னுமொன்றையும் கூறவேண்டும். சட்டம் 101 இன்படி எமது பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பாடசாலைகளிற் படிக்கின்றனர். பயிற்றுநர் எழுதி அனுப்பும் கடிதம் பிரெஞ்சில் வருகின்றது. வைத்தியரிடமும் குடிவரவு அலுவலகத்திலும் பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளையே இதையும் மொழிபெயர்க்க வேண்டும். பெற்றோர் மறுப்பார்கள் என்று முன்பே முடிவுகட்டிவிட்ட பிள்ளை அக்கடிதத்தைப் புத்தகப் பைக்குள்ளேயே வைத்துவிடுகின்றது. பின்னர் பெற்றோர், "எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே" என்கின்றனர். இருவர் சொல்வதும் உண்மையே.

படிப்பையும் ஓட்டத்தையும் எதிரெதிராக நிறுத்துவோருக்கு யாழ்ப்பாணத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கின்றது. யாழ் மத்திய கல்லூரி மாணவனாகப் பாயத் தொடங்கிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், பதினெட்டு வயதும் நிறையாத நிலையில் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பில் பங்குபற்றினார். 1956 இல் மெல்பேணிலும் பாய்ந்தார். லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டே அதன் அணிக்காகப் பாய்ந்தவர், 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. அப்போட்டிகள் நடைபெற்ற அதே நாட்களிலேயே தெற்கில் தமிழரின் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன என்பதை எமது வாசகர்களுக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை. 1962 இல் யக்கார்த்தாவில் வெள்ளி வென்ற அவர், பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2024 இல் மறைந்த அப்பெரியாரின் வாழ்வில் ஓட்டப்பாதை எது, நூலகம் எது என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

"அது அந்தக் காலம், இங்கே கறுப்பின வீரர்களோடு எமது பிள்ளைகள் ஓடமுடியுமா?" என்று கேட்போரும் உளர். இந்தக் கேள்வியிற் கலந்திருக்கும் இனப் பார்வையை ஒருபுறம் வைப்போம். 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்கரை வென்று கனடாவுக்கு 4x100 மீற்றர் தங்கம் பெற்றுக்கொடுத்த நால்வரும் கரீபியன் தீவுகளிற் பிறந்தவர்கள். அவர்களுள் புறூனி சூறேன் ஹெயிற்றியிற் பிறந்து 1975 இல் சிறுவனாக இதே மொன்றியலுக்கு வந்தவர்; 1999 இல் செவில் நகரில் 9.84 விநாடியில் ஓடி உலக வெள்ளி வென்றவர். அவரது வெற்றியைப் பிறந்த இனத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு, பயிற்சி, கழகம், பயிற்றுநர் என்பவற்றை மறந்துவிடுவது எமக்கு வசதியான சாட்டு. எமது தேசத்திலேயே, போரின் அழிவிலிருந்து மீண்ட தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைப் படைத்தார். அங்கே இருந்த மெத்தையையும் கோலையும் விட இங்கே எமது பிள்ளைகளுக்குக் கிட்டுபவை பன்மடங்கு அதிகம். 1976 ஒலிம்பிக்கை ஒட்டிக் கட்டப்பட்ட குளோட் றொபிலார் விளையாட்டு நிலையம் பார்க் எக்ஸ்ரென்சனிலிருந்து தொலைவில் இல்லை.

இனி, "ஓடினால் அமெரிக்காவில் இலவசமாகப் படிக்கலாமாம்" என்று மறுபக்கம் சாய்வோருக்கும் ஒரு வார்த்தை. முழுப் புலமைப்பரிசில் என்பது ஓட்ட வீரருக்கு எக்காலத்திலும் அரிதாகவே இருந்தது. 2025 வரை, என்.சி.ஏ.ஏ. முதற்பிரிவில் ஒரு பல்கலைக்கழகம் தனது ஆண்கள் ஓட்ட, பாய்தல், எறிதல் அணி முழுவதற்கும் வழங்கக்கூடியது 12.6 புலமைப்பரிசில்களே, பெண்களுக்கு 18. அவற்றைப் பயிற்றுநர் துண்டுதுண்டாகப் பலருக்குப் பங்கிடுவார். 2025 இன் நீதிமன்ற இணக்கத்தின்பின், அதில் இணைந்த பல்கலைக்கழகங்களில் அந்த வரையறை நீங்கி, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரையறை வந்தது. அதனால், புலமைப்பரிசில் இல்லாமலே அணியிற் சேர்ந்து முன்னேறலாம் என்றிருந்த வாசல் ஒடுங்கியது. ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசிலே வழங்குவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன. அதற்கும் மேலாக, முதற்பிரிவில் விளையாட உயர்பாடசாலைக் காலத்தில் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். கியூபெக்கில் செக்கண்டரி ஐந்தோடு பாடசாலை முடிந்து சேஜெப் தொடங்குவதால், எந்த ஆண்டின் எந்தப் பாடம் கணக்கில் வரும் என்பதைச் செக்கண்டரி மூன்றிலேயே பாடசாலை ஆலோசகரிடம் கேட்டுவைக்க வேண்டும். கடைசி வருடத்தில் கேட்பது பயனற்றது.

எமது துணிபு, பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சேஜெப் வழியே சிறந்தது என்பதாகும். கியூபெக் வாசிக்கு முழுநேரச் சேஜெப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பதினேழு முதல் பத்தொன்பது வரையான வயது உடம்பு உறுதிப்படும் வயது. அந்த இரண்டு ஆண்டுகளையும் வீட்டுச் சாப்பாட்டோடு கழிக்கலாம். அதன்பின் மக்கில், கொன்கோடியா, மொன்றியல், லவால், சேர்புறூக் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கனடியப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு உதவிப்பணம் கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்டக்கூடாது என்பது விதி. ஆனால் கியூபெக் கட்டணம் அமெரிக்கக் கட்டணத்தோடு ஒப்பிடத் தக்கதன்று. இந்த வழியில் உச்சிக்குப் போகமுடியாது என்று எண்ணவேண்டாம். லவால் பல்கலைக்கழக மாணவியாக ஓடிய ஓட்றி லெடுக் 2024 இல் நூறு மீற்றரை 10.96 விநாடியில் ஓடி, 1987 முதல் நிலைத்திருந்த கனடியச் சாதனையை முறியடித்தார். மருத்துவம், பொறியியல் என்று கனவு காணும் பெற்றோருக்கும் சொல்வோம்: சேஜெப்பின் ஆர் மதிப்பெண்ணைப் பார்க்கும் அனுமதிக் குழு, சனிக்கிழமை பிள்ளை ஓடினாளா என்று பார்ப்பதில்லை. மாலைகளில் நேரத்தை எண்ணிப் படிக்கப் பழகிய பிள்ளை அம்மதிப்பெண்ணில் தாழ்ந்துபோக வேண்டிய கட்டாயமும் இல்லை.

அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாத குடும்பங்களுக்கு இங்கே ஒரு தனித் தடை உண்டு. அப்பிள்ளை அமெரிக்காவில் நடக்கும் போட்டிக்கு அணியோடு பேருந்தில் ஏறிவிட முடியாது. எல்லை தாண்டினால் திரும்பி வருவதும் கோரிக்கையும் ஆபத்துக்குள்ளாகலாம். பாதுகாப்பு வழங்கப்பட்டவருக்கும் அகதிப் பயண ஆவணமும் அமெரிக்க விசாவும் வேண்டும்; அவற்றுக்கு மாதங்கள் செல்லும். வெட்கத்தினால் இதைப் பயிற்றுநரிடம் மறைத்து, புறப்படும் காலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லும் வீடுகளை நாம் அறிவோம். பருவம் தொடங்கும்போதே பயிற்றுநரிடம் தனியே சொல்லிவிட்டால், கியூபெக்குக்குள்ளும் ஒன்ராறியோவிலும் நடக்கும் போட்டிகளை அவர் தெரிந்தெடுப்பார். சந்தேகமிருப்பின் சட்டத்தரணியைக் கேளுங்கள். பக்கத்து வீட்டாரைக் கேட்கவேண்டாம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி அம்மாமாருக்குச் சில வார்த்தைகள். பதின்மூன்றுக்கும் பதினாறுக்கும் இடையில் உடம்பு மாறும்போது ஓட்ட நேரம் ஓராண்டு, ஈராண்டு முன்னேறாமல் நிற்கலாம். திறமை போய்விட்டது என்று பிள்ளையும் வீடும் முடிவு செய்வது இந்த இடத்திலேதான். அது போகவில்லை, பொறுத்திருந்தால் மீண்டும் வரும். களைப்பும் மூச்சிரைப்பும் நீடித்தால் இரத்தத்தில் இரும்புச்சத்தைச் சோதிப்பியுங்கள். மரக்கறி மட்டும் உண்ணும், வெள்ளியும் விரதமும் பிடிக்கும் எமது வீடுகளில் இது சாதாரணம். போட்டி நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு முன்னரே இலேசான சாப்பாடு போதும். அன்பின் மிகுதியால் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வரும் அம்மாமாரை நாம் வணங்குகிறோம். ஆனால் அந்தப் பொதியை ஓட்டம் முடிந்தபின் அவிழுங்கள். காற்சட்டை அணிந்து ஓடுவதே தடை என்றால், முழங்கால் மூடும் இறுக்கமான நீண்ட காற்சட்டையோடு ஓட முடியுமா என்று பயிற்றுநரைக் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் மறுப்பது மட்டும் வேண்டாம்.

எமது சங்கங்களின் நிர்வாகிகளிடமும் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு கோடையிலும் வாங்கிக் குவிக்கும் கிண்ணங்கள் வீட்டு அலுமாரிகளில் தூசு பிடிக்கின்றன. அப்பணத்தில் பாதியை ஒதுக்கினால் சிலருக்குச் சப்பாத்தும், கழகக் கட்டணமும், மெற்றோ மாதச் சீட்டும் வாங்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் உதவும் ஜம்ப்ஸ்ராட் போன்ற நிதியங்களுக்கு விண்ணப்பம் எழுத, பிரெஞ்சு தெரிந்த இளைஞர் இருவர் ஒரு மாலை அமர்ந்தாற் போதும். நூறு மீற்றரை அடி வைத்து அளந்து, கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து, "கனடியச் சாதனைக்குக் கிட்ட" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதையும் நிறுத்துவோம். கையால் எடுத்த நேரத்துக்கும் மின்கருவி நேரத்துக்கும் நூறு மீற்றரில் ஏறக்குறைய கால் விநாடி வித்தியாசம் உண்டு. கல்லூரிப் பயிற்றுநர்கள் பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளிற் பதிவான நேரங்களையே. எமது விழாவில் முதலாவதாக வந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அடுத்த மாதமே அப்படியான போட்டி ஒன்றுக்குச் சங்கத்தின் செலவில் போய்வருவது கிண்ணத்திலும் பெரிய பரிசு.

மேலே சொன்ன பிள்ளையின் வீட்டுக்கு நாம் பின்னர் சென்றிருந்தோம். பயிற்றுநரின் கடிதம் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் மேல், மின்சாரப் பட்டியல்களுக்குக் கீழே. தமிழில் வாசித்துச் சொன்னோம். கிழமையில் மூன்று நாள், பாடசாலை முடிந்து மாலை ஆறு மணி வரை; சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொரு மணி வரை. தகப்பனார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தமிழ் வகுப்பைப் பின்னேரத்துக்கு மாற்ற இயலுமா என்று ஆசிரியையைக் கேட்கும்படி மனைவியிடம் கூறினார். கடிதத்தில் இன்னும் கையெழுத்து இடப்படவில்லை. உள்ளரங்கப் பருவத்துக்கான பெயர்ப் பதிவு மார்கழி நடுப்பகுதியில் முடிவடைகின்றது.