கன்று குறுக்கே வந்ததா?

‘வண்டி ஓட்டக் கற்ற கதை’ தமிழ் உரைநடையில் ஒரு தனி இலக்கிய வகையாகவே நிலைபெற்றுவிட்டது. அதன் இலக்கணம் நாம் அனைவரும் அறிந்ததே. கிளட்சை விட்டதும் வண்டி குதிக்கும். அருகிலிருக்கும் பயிற்சியாளர் குலதெய்வத்தை அழைப்பார். ஒரு கோழியும் ஒரு சைக்கிளும் ஒரு காய்கறிக் கூடையும் சிதறும். படிப்பவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். இந்த வகையைக் கண்டித்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியவர் நாமே என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

1997ஆம் ஆண்டு. நமக்கு வயது பதினேழு. தந்தையார் உறங்கிய ஒரு பிற்பகலில் அவருடைய டிவிஎஸ் 50ஐ ஓசையின்றித் தெருமுனை வரை தள்ளிச் சென்று, நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். திருப்பத்தில் ஒரு கீரைக்காரம்மா எதிர்ப்பட்டார். பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதிலாகப் பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்கினோம். கூடை உருண்டது; அவரும் விழுந்தார். “போடா, போடா” என்றான் நண்பன். போனோம்.

இதை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நகைச்சுவையாகச் சொல்லி வந்தோம். திருமண வீடுகளிலும் துறை விருந்துகளிலும் சொன்னோம். வகுப்பில் மாணவர் சோர்ந்தபோதும் சொன்னோம். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. முளைக்கீரைக் கட்டுகள் வானில் பறந்தன. ஒரு கட்டு நம் கழுத்தில் மாலையாக விழுந்தது. உண்மையில் அப்படி எதுவும் விழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் வகுப்பு முழுதும் சிரித்து அடங்கிய பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அந்தம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சுங்க ஐயா?” என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அதுவரை அந்தக் கேள்வியை நாம் நம்மிடமே கேட்டுக்கொண்டதில்லை என்பது அதனினும் பெரிய வெட்கம்.

அன்று முதல் இத்தகைய கதைகளின் வினைமுற்றுகளைக் கவனிக்கத் தொடங்கினோம். “பிரேக் பிடிக்கவில்லை”, “வண்டி போய் இடித்துவிட்டது”, “கிழவி குறுக்கே வந்துவிட்டாள்”. பிரேக், வண்டி, கிழவி என எல்லாம் எழுவாயாகின்றன. ஓட்டியவர் மட்டும் ஆவதில்லை. ‘இடித்தேன்’ என்னும் தன்மை ஒருமை வினைமுற்று இவ்வகை எழுத்தில் அரிதினும் அரிது. இலக்கணம் கற்பித்து ஊதியம் பெறும் நாமே இத்தனை ஆண்டுகள் இந்த எழுவாய்த் திருட்டைச் செய்து வந்திருக்கிறோம்.

“நகைச்சுவைக்கும் நீதிமன்றம் வைக்கிறீர்களே?” என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சிரிப்பை நாம் வெறுக்கவில்லை. குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் கற்ற கதைகளை இன்றும் விரும்பிப் படிக்கிறோம். அவற்றில் சிராய்த்தது சொல்பவரின் முழங்கால். வாங்கிய அடியும் அவருடையதே. தன் காயத்தைப் பார்த்துத் தானே சிரிப்பவனுக்கு அந்த உரிமை உண்டு. சைக்கிளிலிருந்து மோட்டாருக்கு மாறியபோது காயமும் இடம் மாறியது. அதைக் கவனியாமல் பழைய சிரிப்பை அப்படியே தொடர்ந்ததுதான் நம் பிழை. பிறர் முழங்காலை வைத்துச் சிரிக்க நமக்கு எவர் உரிமம் தந்தார்?

தமிழ் மரபு இதில் நம்மைவிட நேர்மையானது. தேர்க்காலில் கன்று மாண்ட கதையைச் சிலப்பதிகாரமும் அறியும்; பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பு அதை விரிக்கிறது. சேக்கிழார் காட்டும் அமைச்சர் அரசனிடம் செய்தி சொல்லும் முறையைப் பாருங்கள். இளவரசன் தேரேறிச் சென்றான். கன்று உள்ளே புகுந்து உருளையில் பட்டு இறந்தது. அங்கும் கன்றுதான் எழுவாய்! ஆயின் காவியம் அமைச்சரின் வாக்கியத்தோடு நிற்கவில்லை. தாய்ப்பசு வந்து மணியடிக்க இடம் கொடுத்தது. மனுநீதிச் சோழன் விதித்த தண்டனையை நாம் வேண்டவில்லை. அந்த மணியைத்தான் வேண்டுகிறோம். நம் ‘ஓட்டக் கற்ற கதை’களில் அடிபட்டவர் அடிப்பதற்கு ஒரு மணி எங்கே தொங்குகிறது?

இது வெறும் இலக்கியச் சிக்கல் அன்று. ஒன்றிய அரசின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். எந்த வண்டியையும் ஓட்டாதவர்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவில், காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டியவரின் கடமை என்கிறது. 1997இலும் அது சட்டமே. பதினாறு வயது நிறைந்தவர் ஐம்பது சிசிக்கு மிகாத வண்டியை உரிமம் பெற்று ஓட்டவும் அச்சட்டம் அப்போது இடமளித்தது. நாம் அந்த உரிமத்தையும் பெறவில்லை. அந்தக் கடமையையும் செய்யவில்லை.

பின்னாளில் உரிமம் பெற, காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினோம். அந்த எட்டின் வளைவுகளில் எவரும் கூடையோடு எதிர்ப்படவில்லை. வெற்றுத் தரையில் வண்டி சாயாதிருப்பதே ஓட்டுதல் என்று தேர்வு நமக்குக் கற்பித்தது. தரகரிடம் பணம் கொடுத்து அந்த எட்டையும் போடாமல் உரிமம் வாங்கியதைச் சாமர்த்தியமாக எழுதுவோரும் நம்மிடையே உண்டு. அதற்கும் சிரிக்கிறோம். சாலையில் எதிரே வருபவரைக் கணக்கில் கொள்ளாத தேர்வும், அவரை நகைப்பொருளாக்கும் எழுத்தும் ஒரே பழக்கத்தின் இரு முகங்கள்.

எழுதும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது இவ்வளவே. கதையைச் சொல்லுங்கள், ஆனால் கூடை சிதறிய இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். நாமும் இனி அந்தக் கதையைச் சொல்ல நேர்ந்தால் இப்படித்தான் சொல்வோம்: 1997இல் ஒரு பிற்பகலில், கீரை விற்று வந்த ஒரு பெண்மணியை நாம் இடித்தோம். நிற்காமல் வீடு திரும்பினோம். அவர் பெயர் நமக்குத் தெரியாது.