தூணில் மிச்சமிருக்கும் கைகள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் நம் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

இத்தாலியில் ரவென்னா என்ற ஊரில் சான்ட் அப்போலினாரே நுவோவோ என்றொரு தேவாலயம் இருக்கிறது. கோத் இன அரசர் தியோடரிக் 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. உள்ளே சுவர் நெடுக மொசைக் படங்கள். மொசைக் என்றதும் நம் வீட்டுத் தரையை நினைக்காதீர்கள். கண்ணாடியிலும் கல்லிலும் செய்த சின்னச் சின்னச் சில்லுகளை ஈரச் சாந்தில் ஒவ்வொன்றாகப் பதித்து உருவாக்கும் படம் அது. பொன்னிறம் வேண்டுமென்றால் கண்ணாடிக்குள் தங்கரேக்கு வைத்த சில்லைப் பதிப்பார்கள்.

அங்கே ஒரு படத்தில் அரசரின் அரண்மனை இருக்கிறது. வரிசையாகத் தூண்கள். தூண்களுக்கு நடுவே வெள்ளைத் திரைச்சீலைகள். மனிதர்கள் யாரும் இல்லை. ஆனால் உற்றுப் பார்த்தால் சில தூண்களின் மேல் மனிதக் கைகள் மட்டும் தெரியும்!

காரணம் இதுதான். தியோடரிக் 526-இல் இறந்தார். 540-இல் பைசாந்தியப் படை ரவென்னாவைப் பிடித்தது. தியோடரிக் கிறிஸ்தவர்தான், ஆனால் அரியுஸின் கொள்கையைப் பின்பற்றிய பிரிவு. புதிய ஆட்சியாளர்களுக்கு அந்தப் பிரிவு ஆகாது. 561 வாக்கில் தேவாலயம் பேராயர் அக்னெல்லுஸ் கைக்கு வந்தபோது, தூண்களுக்கு நடுவே நின்றவர்களின் சில்லுகளைப் பெயர்த்துவிட்டுத் திரைச்சீலை பதித்தார்கள். நின்றவர்கள் தியோடரிக்கும் அவர் அவையினரும் என்பது அறிஞர்கள் கருத்து. தூணின் குறுக்கே நீண்டிருந்த கைகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன.

அக்னெல்லுஸ் தரப்பையும் பார்க்க வேண்டும். அவர் கட்டடத்தை இடிக்கவில்லை. மேல் வரிசையில் தியோடரிக் காலத்தில் செய்த இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகளையும் விட்டுவைத்தார். வேண்டாத ஆட்களை மட்டும் எடுத்தார். நியாயமாகத்தான் பட்டிருக்கும். ஆனால் விளைவு என்ன? அரசர் அங்கேயே நின்றிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் பார்த்துவிட்டுப் போயிருப்போம். இன்று அங்கே போகிறவர்கள் தேடிப் பார்ப்பதே அந்தக் கைகளைத்தான். யாருடைய கை என்று கேட்டால் முழுக்கதையும் வெளியே வந்துவிடுகிறது.

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவிலும் இப்படி ஒன்று உண்டு. பேரரசி ஜோயியும் அவருடைய மூன்றாவது கணவர் 9-ஆம் கான்ஸ்டன்டைனும் இயேசுவின் இருபுறமும் நிற்கும் மொசைக். கணவரின் தலையும் பெயரும் பின்னால் மாற்றிப் பதித்தவை. மாற்றிய தடம் இன்றும் தெரிகிறது.

ஃபிரெஸ்கோ ஓவியமாக இருந்தால் சுத்தமாக அழித்திருக்கலாமோ? அதுவும் கடினம். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைவதால், பூச்சு காற்றுபட்டு இறுகும்போது நிறமும் சுவரோடு சேர்ந்துவிடுகிறது. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரின் சுவர்களில் இன்னும் சிவப்பு நிறம் இருப்பது அதனால்தான். அழிக்க வேண்டுமானால் சுவரையே கொத்த வேண்டும். கொத்திய இடம் கொத்திய இடமாகவே தெரியும்.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன். பொங்கலுக்கு நம் குடும்ப மலர் தயாராகிறது. வம்சாவளிப் பக்கத்தில் ஒருவர் பெயர் வேண்டாம், பழைய கல்யாணப் படத்திலும் அவரை வெட்டிவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. அவரால் பட்ட வருத்தம் பொய்யில்லை. அவர் செய்ததைச் சரி என்று நான் சொல்லவும் இல்லை. மன்னிக்கச் சொல்லியும் யாரையும் வற்புறுத்தவில்லை. அது அவரவர் மனசு.

ஆனால் அந்தப் படத்தில் அவர் கை நம் சின்ன மாமாவின் தோளில் கிடக்கிறது. ஆளை வெட்டினாலும் கை நிற்கும். நாளைக்கு ஒரு பேரனோ பேத்தியோ, "இது யார் கை?" என்று கேட்கும். அன்று பதில் சொல்ல நாம் இருக்க மாட்டோம். யாரோ ஒருவர் தெரிந்த அரைகுறையைச் சொல்வார்.

பெயரைப் போடுங்கள். பிறந்த வருடம், இறந்த வருடம் போடுங்கள். புகழ்ந்து ஒரு வரி எழுத மனமில்லை என்றால் எழுத வேண்டாம். படத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, இதில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் கை தூக்கப் பயந்தவர்களும் இங்கே எழுதலாம்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்