‘ஹோம்’ வேண்டாம், வீடு வேண்டும்

“அந்தப் பையனை ஹோம்ல சேர்த்துட்டாங்க.” இந்த வாக்கியத்தில் ஹோம் என்றால் வீடு அல்ல. வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று பொருள். ‘பையன்’ எனப்படுபவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்.

அறிவுசார் குறைபாடு உள்ள வளர்ந்த மனிதர்களின் வீட்டுரிமை பற்றிப் பேசுகிறோம். “அது மாற்றுத்திறனாளிகள் சங்கங்களின் வேலை, சாதி ஒழிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கும் தோழர்களோடுதான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

1917இல் பரோடா அரசில் வேலைக்குச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்து விரட்டினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பால் அவருக்கு ஓர் அறையை வாங்கித் தர முடியவில்லை. “உன் பக்கத்தில் வாழ மாட்டோம்” என்று சொல்வதில்தான் தீண்டாமை தொடங்குகிறது. ஊர் தனி, சேரி தனி என்று கோடு கிழித்த அதே மனம்தான், புரிந்துகொள்ள நேரம் எடுக்கும் மனிதரைப் பார்த்து “இவருக்குத் தனி இடம்தான் சரி” என்கிறது.

பூந்தமல்லியில் வாடகை வீடு தேடிப் பாருங்கள். மெட்ரோ பாதையைக் காட்டியே வாடகையை ஏற்றுகிறார்கள். “எந்த ஏரியாலேர்ந்து வர்றீங்க? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?” என்று சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். அதைத் தாண்டினாலும், கூடவே வரும் வளர்ந்த மகனைப் பார்த்ததும் குரல் மாறும்: “வயசுப் பொண்ணுங்க இருக்கிற காம்பவுண்டும்மா, வேற இடம் பாருங்க.” ஒரே கதவில் இரண்டு பூட்டு. ஒரு பூட்டுக்கு எதிராக மட்டும் போராடினால் கதவு திறக்குமா?

அரசு என்ன செய்கிறது? கூவம் சீரமைப்பு என்ற பெயரில் கரையோர மக்களைப் பெரும்பாக்கத்துக்கும், பூந்தமல்லி தாண்டிக் கூடப்பாக்கத்துக்கும் அனுப்பியது. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலானோர் நம் மக்கள். வேலை போனது, பள்ளி போனது என்று நாம் பேசினோம். பேசாமல் விட்டது ஒன்று உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குத் தெருதான் ஆதரவு. சில்லறையை எண்ணிச் சரியாகக் கொடுக்கும் டீக்கடைக்காரர், வழி தவறினால் கையைப் பிடித்துக் கூட்டிவரும் பூக்காரம்மா, “நம்ம ஆளுப்பா” என்று சொல்லும் ஆட்டோ ஸ்டாண்டு. எந்த அரசுத் திட்டமும் உருவாக்காத ஏற்பாடு இது. இருபது முப்பது வருடத்தில் ஊறியது. லாரியில் சாமான் ஏற்றிய ஒரே நாளில் அதை உடைத்துவிட்டார்கள். ஒன்றுபோலவே நிற்கும் பிளாக்குகளுக்கு நடுவே அந்த மனிதர் வீட்டுக்குள் அடைபடுகிறார். ஒதுக்கீட்டு ஆணை அம்மா பெயரிலோ அப்பா பெயரிலோ இருக்கிறது. அவர்கள் காலத்துக்குப் பிறகு? அண்ணன் குடும்பம் மனது வைத்தால் வீடு, இல்லையென்றால் ஹோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 37, அரசின் வீட்டுத் திட்ட ஒதுக்கீடுகளில் 5 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு இது உரியது. அதில் பெண்களுக்கு முன்னுரிமை. பிரிவு 13, சொத்து வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை தருகிறது. பிரிவு 5, சமூகத்தில் வாழும் உரிமையைச் சொல்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் வாழ வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப்படாமல் பார்த்துக்கொள்ள அரசு ‘முயல வேண்டும்’ என்கிறது. அந்த ‘முயல வேண்டும்’ என்ற சொல்லுக்குள்தான் அரசு ஒளிந்துகொள்கிறது.

நடைமுறையில் 5 சதவீதம் என்றால் தரைத்தளம், சாய்தளம். அவை கட்டாயம் வேண்டும். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குச் சாய்தளம் என்பது ஓர் ஆள். சமையலுக்கும் பணக் கணக்குக்கும் மருத்துவமனைக்கும் துணை நிற்கும் ஆள். தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. அதை வைத்து வாடகை கொடுப்பதா, துணைக்கு ஆள் வைப்பதா?

“ஹோமில்தான் பாதுகாப்பு” என்பவர்களுக்கு இரண்டு ஊர்ப் பெயர்களைச் சொல்கிறோம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்த ஆசிரமத்திலிருந்து 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அங்கே சேர்க்கப்பட்டு காணாமல் போன ஒருவரைத் தேடி நீதிமன்றம் போன பிறகுதான் அது வெளியே தெரிந்தது. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. ஆனால் யாரும் எட்டிப் பார்க்காத சுவர் இருவருக்கும் ஒன்றுதான். பாதுகாப்பு என்பது எட்டிப் பார்க்கும் பக்கத்து வீடு. எல்லா ஹோமும் இப்படி என்று சொல்லவில்லை. வேறு வழியே இல்லாதபடி செய்துவிட்டு “அவர்களாகவே சேர்ந்தார்கள்” என்று சொல்லாதீர்கள் என்கிறோம்.

“அவர்களால் தனியாக வாழ முடியாதே?” யாரால் முடிகிறது, தோழர்களே? சமைத்துப் போடும் அம்மா, துணி துவைக்கும் மனைவி, மலம் அள்ளும் நம் உறவுகள் இல்லாமல் இந்த நகரத்தில் யார் தனியாக வாழ்கிறார்? உழைப்பை வாங்கிக்கொள்பவரைத் ‘தற்சார்பு’ உள்ளவர் என்றும், உதவி கேட்பவரைப் ‘பாரம்’ என்றும் அழைக்கக் கற்றுக்கொடுத்ததும் சாதிதான்.

வேலைக்கு வருவோம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கூடப்பாக்கத்தில் 5 சதவீத ஒதுக்கீட்டில் எத்தனை வீடு கொடுத்தீர்கள், அதில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எத்தனை, அவர்கள் பெயரிலேயே எத்தனை என்று கேளுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் நாளில் திருவள்ளூர் ஆட்சியர் முன்னால் நில்லுங்கள். ஒதுக்கீட்டு ஆணையில் அவர்கள் பெயரும் சேர வேண்டும். துணையாளருக்கு அரசு சம்பளம் தர வேண்டும். தெரிந்த தெருவிலிருந்து யாரையும் பிடுங்கக் கூடாது.

மனுவைத் தனியாகக் கொண்டு போகாதீர்கள். யாருக்காகக் கேட்கிறோமோ அவரையும் கூட்டிப் போங்கள். எங்கே வாழ ஆசை என்று ஆட்சியர் கேட்டால், பதிலை அவரே சொல்லட்டும். சொல்ல நேரமானால் காத்திருக்கட்டும்.