"நம்ம ஆளுதானே" என்று கொடுத்த அட்வான்ஸ்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இடித்துக் கட்டும் வேலை வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, தை பிறந்ததும் வீட்டு வேலை ஆரம்பிக்கிறோம். பழைய பாத்ரூம் ரெண்டையும் இடிச்சுட்டு, கிச்சனைப் பெருசாக்கி, மாடித் தளமும் போடறோம். ஒரு இன்ஜினியர்கிட்ட மொத்தமா பேசியாச்சு. நம்ம ஆளுதான்."

"எழுதி வாங்கினியா?" என்றேன்.

"கேட்டா தப்பா நினைப்பாரு மாமா."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. பெண் பார்த்து முடித்ததும் சீர்வரிசையை லிஸ்ட் போட்டு எழுதுகிறோம். மொய்யை நோட்டில் எழுதுகிறோம், 101 ரூபாயைக்கூட விடுவதில்லை. மளிகைக்கடைச் சீட்டில் கால் கிலோ பருப்புக்குத் தனி வரி உண்டு. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தை ஒருவர் கையில் கொடுக்கும்போது மட்டும் எழுதினால் மரியாதைக் குறைவாம்!

நான் பட்டதைச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டு மாடிப் பாத்ரூம், கிச்சன், மாடித் தளம் மூன்றையும் சரிசெய்ய 6,50,000 ரூபாய்க்குப் பேசினேன். எடுத்துச் செய்தவன் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். பெயர் சொல்ல மாட்டேன். "சார்கிட்ட நான் லாபம் பார்ப்பேனா?" என்றான். உருகிவிட்டேன். கொட்டேஷன் என்று ஒரே ஒரு தாள். அதில் "தரமான பொருட்கள் உபயோகிக்கப்படும்" என்று ஒரு வரி. பரீட்சைத் தாளில் இப்படி ஒரு விடை இருந்திருந்தால் அரை மார்க் போட்டிருக்க மாட்டேன். என் வீட்டு விஷயத்தில் முழு மார்க் போட்டேன்.

பூஜை அன்று தாம்பூலத்தோடு 2 லட்சம். பத்து நாளில் "டைல்ஸ் விலை ஏறப்போகுது சார்" என்று ஒன்றரை லட்சம். அப்புறம் "ஆளுங்களுக்குக் கூலி" என்று இன்னொரு ஒன்றரை. எல்லாம் ரொக்கம். ஆக 5 லட்சம் போயிற்று. வேலை சரிபாதிதான் முடிந்திருந்தது. அதன் பிறகு "ஆள் கிடைக்கல சார்", "நாளைக்கு வர்றோம் சார்".

கணக்கு வாத்தியாராக இருந்தும் இந்தக் கணக்கைப் பின்னால்தான் போட்டுப் பார்த்தேன். மீதி வேலையை முடிக்க அவனுக்கு 3,25,000 செலவு. என்னிடம் வர வேண்டியது 1,50,000. திரும்பி வந்தால் அவனுக்கு 1,75,000 நஷ்டம், வராவிட்டால் நஷ்டமே இல்லை. எந்த மனிதன் வருவான்? அவன் வராமல் இருப்பதற்கான காரணத்தை என் கையாலேயே எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

அவன் திருடன் என்று நான் இன்றும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் பலர் ஒரு சைட்டில் வாங்கிய அட்வான்ஸில்தான் முந்தைய சைட்டுக்கு சிமெண்டும் கம்பியும் வாங்குகிறார்கள். என் பணத்தில் யார் வீட்டுத் தளமோ முடிந்திருக்கும். அடுத்த வீட்டுப் பணம் வந்தால்தான் என் பாத்ரூம் முடியும். வேலைக்கு முன்னால் பணத்தைக் கொடுக்கக் கொடுக்க இந்தச் சங்கிலி நீளும். அறுந்தால், கடைசியில் நிற்கும் வீடு மாட்டிக்கொள்ளும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனார் வாசலில் வந்து நின்றார். இரண்டு வாரக் கூலி அவருக்கு வரவில்லை. "உங்களைக் கேக்கக் கூடாதுதான் ஐயா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவரோடு வேலை பார்த்த சித்தாள் அம்மா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தாள். நான் ஏற்கெனவே கொடுத்த கூலியை இரண்டாம் முறை கொடுத்தேன். அதற்காக வருந்தவில்லை. "நம்ம ஆளு" என்ற பேச்சில் அந்த இருவரும் எங்கே இருந்தார்கள் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஐப்பசி மழையோடு ஹால் சீலிங்கில் ஓதம் படர்ந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்தோம். மழை நின்ற பிறகும் சொட்டியது. மேலே பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃபிங்கே இல்லை, தரைக்கு வாட்டமும் சரியில்லை. புது டைல்ஸை உடைத்து மறுபடி போட்டோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார் ஒரு நண்பர். சரிதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் பணியும் "சேவை"க்குள் வருகிறது. 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் எதைக் காட்டுவது? ரொக்கத்துக்கு ரசீது இல்லை. வாட்டர்ப்ரூஃபிங் செய்வதாக ஒரு எழுத்து இல்லை.

"தாத்தா காலத்தில் எழுதியா கட்டினார்கள்?" என்று மச்சினர் கேட்பார், தெரியும். தாத்தா காலத்தில் கான்ட்ராக்டரே கிடையாது. தாத்தாதான் கான்ட்ராக்டர். வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து, செங்கலை எண்ணி, சனிக்கிழமை தோறும் கையில் கூலி கொடுத்தார். வேலை முடிந்த பிறகுதான் பணம். நாம் அந்தக் காவலை விட்டுவிட்டு நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் வகுப்பறைக் கட்டடம் எழும்பியபோது பொதுப்பணித் துறைக்காரர்கள் டேப்பும் கையுமாக வருவார்கள். முடிந்த வேலையை அளந்து எம்-புக்கில் பதிவு செய்த பிறகுதான் பில். அதிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக் கொள்வார்கள். எந்தக் கான்ட்ராக்டரும் "என்னை நம்பலையா" என்று முகம் சுளித்ததில்லை. அரசாங்கத்திடம் இல்லாத கூச்சம் நம்மிடம் மட்டும் ஏன்?

ஆகவே தங்கை மகனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

1. பழைய வீட்டை இடித்துச் செய்யும் வேலைக்குச் சதுர அடி ரேட் பேசாதீர்கள். சுவரை உடைத்தால் உள்ளே என்ன பைப், என்ன வயர் என்று யாருக்கும் தெரியாது. இடிப்பது, குப்பை அள்ளுவது, பூச்சு, டைல்ஸ், பிளம்பிங், வயரிங் ஒவ்வொன்றுக்கும் அளவும் விலையும் தனித்தனியாக வாங்குங்கள்.

2. "தரமான பொருள்" என்ற சொல்லை அடித்துவிட்டு என்ன சிமெண்ட், என்ன பைப், எத்தனை ஸ்கொயர் எம்.எம். வயர் என்று எழுதுங்கள். மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் தாண்டியதை இறக்க விடாதீர்கள்.

3. முதல் பணம் 10 சதவீதம் போதும். பிறகு முடிந்த வேலைக்கு மட்டும், வங்கி வழியாக. எந்த நாளில் கணக்குப் பார்த்தாலும் கொடுத்த பணம் முடிந்த வேலையைத் தாண்டக் கூடாது. கடைசி 5 சதவீதம் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்த பிறகு.

4. டைல்ஸ் ஒட்டும் முன் பாத்ரூம் தரையில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கீழ் வீட்டு சீலிங்கையும் பாருங்கள். இதைச் செய்யாததற்குத்தான் நான் டைல்ஸை உடைத்தேன். பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் அடிப்பது யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

5. ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும் முன்பும் கொத்தனாரையும் சித்தாளையும் கூப்பிட்டு, "கூலி வந்துதா?" என்று கேளுங்கள்.

வீட்டுக்காரர்களையும் விடுவதாக இல்லை. மூன்று பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைவாகச் சொன்னவனை மேலும் பத்தாயிரம் குறைத்து, வேலை நடக்கும்போது "அப்படியே இந்த அலமாரியையும் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு, கடைசியில் "அது எக்ஸ்ட்ராவா?" என்று வாய் பிளக்கிறோம். அந்தத் தாள் அவனையும் நம்மிடமிருந்து காப்பாற்றும். கூடுதல் வேலை என்றால் அன்றைக்கே விலையைக் கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி எழுதி, இருவரும் சரி சொன்ன பிறகுதான் கரண்டியை எடுக்க வேண்டும்.

என் மாணவர்களில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரர் கூச்சப்பட்டுக் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். முதல் நாளே நீங்களே எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். "இதில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை எடுப்பேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்பவனிடம் ஐம்பதாயிரம் கூடக் கொடுக்கலாம் என்பேன்.

என் வேலையை விட்டுப் போனவனும் இதைப் படிக்கலாம். தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. அந்தக் கொத்தனாரின் இரண்டு வாரக் கூலியை மட்டும் எனக்குத் திருப்பித் தர வேண்டாம், அவரிடமே போய்க் கொடு. அவர் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்