ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ்: இந்த மூணு நம்பருக்குக் காசு கொடுக்காதீங்க

இது மருத்துவ இழை இல்லை. காலேஜ் ஹாஸ்டல் காலத்துல இருந்து நண்பர்களுக்கு கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுத்துட்டு வர்றேன். அந்த உரிமையில, கொஞ்சம் கோபத்தோட எழுதுறேன். நீளமா போகும்.

ரீல்ஸ் திறந்தா ஒரே விளம்பரம். "கேமிங் பிசி! ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் கேபினட், மானிட்டரோட சேர்த்து முப்பதாயிரத்துக்குள்ள!" பார்க்கிற அப்பா அம்மாவுக்கு என்ன தோணும்? ஐ3யை விட ஐ7 பெருசு, 2 ஜிபியை விட 4 ஜிபி பெருசு. வாங்கிடலாம்.

என்னைக் கேட்டா இது ஏமாத்து வேலை. இதுல ஒரு நம்பர் கூட பொய் இல்லைங்கிறதுதான் இதோட சாமர்த்தியம்.

அந்த ஐ7 எதுன்னு கேளுங்க. பாதி இடத்துல ஐ7-2600னு வரும். 2011 ஜனவரியில வந்த சிப். இப்ப அதை வச்சு விளையாட ஆசைப்படுற பையன் அன்னைக்குப் பால்வாடிக்குக்கூடப் போயிருக்க மாட்டான். நாலு கோர், எட்டு த்ரெட். 2022ல வந்த ஐ3-12100எஃப் சிப்புலயும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனா ஒவ்வொரு கோரோட வேகமும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஐ3ங்கிற பேரைப் பார்த்து மட்டமா நினைச்சு ஒதுக்குறோம், பதினஞ்சு வருஷப் பழசை ஐ7னு தலையில தூக்கி வைக்கிறோம்.

வேகம் குறைஞ்சா பரவாயில்லை, விளையாடவே முடியலைன்னா? எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தங்க சீட்டு எடுத்து, பிளஸ் டூ முடிச்ச பையனுக்கு இப்படி ஒண்ணு 27,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தாங்க. பையன் கேட்டது ஒரே ஒரு கேம், வாலரன்ட். கடைக்காரர் அந்தப் பழைய மெஷின்ல குறுக்கு வழியில விண்டோஸ் 11 ஏத்திக் கொடுத்திருக்கார். மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி விண்டோஸ் 11க்கு இன்டெல்னா பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது வேணும். அது கூடப் போகட்டும். விண்டோஸ் 11ல வாலரன்ட் ஓடணும்னா டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ரெண்டும் கட்டாயம். இந்த போர்டுல டிபிஎம் 2.0 கிடையாது. கேமைத் திறந்தா எரர். விண்டோஸ் 10க்குத் திரும்பலாம்னா அதுக்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. கடையில போய்க் கேட்டா "அது கேம் கம்பெனி பிரச்சினைம்மா, நம்ம சிஸ்டம் ஐ7" அப்படின்னு பதில். கடை பேர் வேண்டாம், ஒரு கடையோட போற விஷயமும் இல்லை.

அடுத்து அந்த 4 ஜிபி. ரத்தம் போயிட்டிருக்கிற பேஷன்ட் கேஷுவாலிட்டிக்கு வந்தா நாங்க முதல்ல தேடுறது 16 கேஜ் வென்ஃப்ளான். சலைன் பாட்டில் எவ்வளவு பெருசா இருந்தாலும், 22 கேஜ் நீல ஊசியைப் போட்டா சொட்டுச் சொட்டாத்தான் இறங்கும். கிராபிக்ஸ் கார்டுல 4 ஜிபிங்கிறது பாட்டில். ஊசியோட அளவை விளம்பரத்துல யாரும் போடுறதில்லை. இந்த காம்போக்கள்ல வர்ற ஜிடி 730 கார்டு 2014ல வந்தது. அதுல டிடிஆர்3, 64 பிட் வகைன்னா நொடிக்கு 14.4 ஜிபிதான் கடத்தும். ஆர்எக்ஸ் 6600 நொடிக்கு 224 ஜிபி கடத்தும். முன்னதை கேமிங் கார்டுன்னு விக்கிறதுக்கு ஒரு நெஞ்சழுத்தம் வேணும்.

(பெரிய கம்பெனியும் யோக்கியம் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050னு ஒரே பேர்ல 8 ஜிபி, 6 ஜிபின்னு ரெண்டு கார்டு இருக்கு. மெமரி மட்டும்தான் வித்தியாசம்னு நினைப்பீங்க. 6 ஜிபி கார்டுல கோரும் கம்மி, பஸ் அகலமும் கம்மி.)

எனக்கு உச்சபட்சக் கோபம் எஸ்எம்பிஎஸ் மேலதான். "கேபினட்டோட ஃப்ரீ சார், 500 வாட்" அப்படிம்பாங்க. அந்த டப்பாவைத் திருப்பி, ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 18ன்னு இருந்தா 12 பெருக்கல் 18, மொத்தம் 216 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்லதான் குடிக்கும். ஆர்எக்ஸ் 6600 132 வாட், 12100எஃப் உச்சத்துல 89 வாட். கூட்டினா 221. ஃபேனு, டிஸ்க் எதையும் இன்னும் சேர்க்கலை, அதுக்குள்ளயே தாண்டியாச்சு. அதுவும் ஸ்டிக்கர் உண்மை பேசுதுன்னு வச்சுக்கிட்டா! மட்டமான எஸ்எம்பிஎஸ் தனியா சாகாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கிட்டுப் போகும். நம்ம ஊர்ல சாயங்காலம் வோல்டேஜ் ஆடுற ஆட்டத்துக்கு இதுல கை வைக்கவே கூடாது. 80 ப்ளஸ் முத்திரையை மட்டும் நம்பாதீங்க, அது மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னு அளக்குற முத்திரை, பாதுகாப்புக்கான சான்றிதழ் இல்லை. சர்வீஸ் சென்டர் இருக்கிற, அஞ்சு பேர் பிரிச்சுச் சோதிச்சு எழுதின மாடலா வாங்குங்க. மூவாயிரத்துச் சொச்சம் ஆகும். கலர் லைட் ஃபேனை விட்டுட்டா பாதிக் காசு அங்கயே கிடைச்சிடும்.

"டாக்டர் சம்பளத்துல நீங்க பேசலாம், ஏழைப் பையன் என்ன செய்வான்?" கேள்வி வரும்னு தெரியும். பழைய சாமானுக்கு நான் எதிரி இல்லை. பழசைப் பழசுன்னு சொல்லி, பழசு விலைக்குக் கொடுங்க. 8ஆம் தலைமுறை ஐ5 போட்ட ஆபீஸ் மெஷின் செகண்ட்ஸ்ல கிடைக்கும், விண்டோஸ் 11 முறையா ஏறும். அதுல தனி பவர் கேபிள் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி ஒரு கார்டைச் சொருகினா, சிஸ்டர் கொடுத்த காசுக்கு அந்தப் பையன் இன்னைக்கு விளையாடிட்டு இருப்பான். கேபினட் ஒல்லியா இருந்தா மட்டும் குள்ளக் கார்டா பார்த்து வாங்கணும்.

புதுசுதான் வேணும், கார்டுக்குக் காசு பத்தலைன்னா ரைசன் 5 5600ஜி எடுங்க. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கு, கார்டு அப்புறம் வாங்கிக்கலாம். ஆனா அந்த கிராபிக்ஸ் ரேம்ல இருந்துதான் குடிக்கும், அதனால 16 ஜிபி ஒரே குச்சியா வேண்டாம், 8 ஜிபி ரெண்டு போடுங்க. டிடிஆர்4 3200ல ஒரு குச்சின்னா 25.6, ரெண்டுன்னா 51.2. 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கு, கடைக்காரர் ஒத்தைக் குச்சியைத்தான் தள்ளப் பார்ப்பார், அசையாதீங்க. கொஞ்சம் காசு இருந்தா 12100எஃப் இல்லைன்னா ரைசன் 5 5600, சாதாரண போர்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, மிச்சம் மொத்தமும் கிராபிக்ஸ் கார்டுக்கு. எஃப்னு முடியுற இன்டெல் சிப்புல கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாம வாங்கிட்டு வந்து "டிஸ்ப்ளே வரலை டாக்டர்"னு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணாதீங்க.

கடைக்குப் போனா ஒவ்வொரு சாமானோட முழு மாடல் பேரையும் எழுதி வாங்குங்க. "ஐ7, 4 ஜிபி"ன்னு மட்டும் எழுதினா அடுத்த கடைக்கு நடங்க. "பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும் சார்"னு ஆசை காட்டுவாங்க. சீரியல் நம்பர் போட்ட பில் இல்லைன்னா வாரண்டிக்கு அலையப் போறது நீங்கதான்.

பார்ட் லிஸ்ட் வச்சிருக்கவங்க கீழ போடுங்க, பார்த்துச் சொல்றேன். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர் படம் இல்லாத லிஸ்டுக்குப் பதில் கிடையாது. இன்னைக்கு நைட் டியூட்டி, லேட்டாகும்.